முகவரி இல்லாத வாழ்க்கை: டெல்லியில் அகதிகளுக்கு ஒரு கூரை ஏன் எட்டாக்கனியாகிறது?

புது டெல்லி: தெற்கு டெல்லியின் லஜ்பத் நகர், நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர்களுக்காக அரசு உருவாக்கிய குடியிருப்பு. இன்று அதன் சில தெருக்களில் ஆப்கான் ரொட்டிக் கடைகளும், தாரி மொழியில் எழுதப்பட்ட மருந்தகப் பலகைகளும் காணப்படுகின்றன. அன்று அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வீட்டு உரிமையாளர்கள். காபூலிலிருந்தும் ஹெராத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களது மாடிகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

இடம் ஒன்றுதான். ஆனால், முதல் தலைமுறை அகதிகளுக்குக் கிடைத்த ஒன்று பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதுதான் சட்டம் ஏற்கும் ஒரு முகவரி. வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, சமையல் எரிவாயு இணைப்பு, காவல் நிலையத்தில் புகார் என எதற்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது முகவரிச் சான்று. அது இல்லாத குடும்பம், நகரத்தின் நடுவில் வாழ்ந்தாலும் நகரத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

போரும் ஒடுக்குமுறையும் துரத்த, எல்லை தாண்டி வருபவர்களில் பெரும்பாலானோர் இன்று முகாம்களைவிட நகரங்களையே நாடுகிறார்கள். கூலி வேலை, மருத்துவமனை, அகதிகளுக்கான பதிவு அலுவலகம், முன்பே வந்து சேர்ந்த உறவினர் ஆகிய அனைத்தும் நகரத்தில்தான் இருக்கின்றன. டெல்லியில் ஆப்கானியர்கள் லஜ்பத் நகர், போகல், மாளவியா நகர் பகுதிகளிலும், மியான்மரின் சின் இனத்தவர் மேற்கு டெல்லியின் விகாஸ்புரி, ஜனக்புரி பகுதிகளிலும், ரோஹிங்கியாக்கள் யமுனைக் கரையோரமான காளிந்தி குஞ்ச், மதன்பூர் காதர் பகுதிகளிலும், பாகிஸ்தான் இந்துக்கள் மஜ்னு கா டில்லா போன்ற இடங்களிலும் வசிக்கின்றனர். நான்கு தரப்பினருக்கும் நான்கு விதமான சட்ட நிலை. வீட்டுப் பிரச்சினை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

அன்று அரசு செய்தது என்ன?

1941ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 9.18 லட்சமாக இருந்த டெல்லியின் மக்கள்தொகை, 1951இல் 17.44 லட்சமாக உயர்ந்தது. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரே இந்த வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். கிங்ஸ்வே முகாம் போன்ற இடங்களில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்ட அவர்களுக்காக மறுவாழ்வுக்கென்றே தனி அமைச்சகம் இயங்கியது. ராஜேந்தர் நகர், படேல் நகர், மாளவியா நகர், லஜ்பத் நகர் ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. இடம்பெயர்ந்தோருக்கான இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 1954இல் நிறைவேறியது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு 1960களில் ஒதுக்கப்பட்ட நிலமே இன்றைய சித்தரஞ்சன் பூங்கா.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் சென்னையில் குடியமர்த்தப்பட்டதன் அடையாளமாகவே பர்மா பஜார் இன்றும் நிற்கிறது.

இந்த மறுவாழ்வு குறைகளற்றது அல்ல. மேற்கிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த வேகமான உதவி, வங்காளத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவைச் சுற்றி அவர்கள் தாங்களே நிலத்தைக் கைப்பற்றிக் குடியிருப்புகளை அமைக்க வேண்டியிருந்தது. ஆனாலும், வந்தவர்கள் இந்நாட்டின் குடிமக்கள், அவர்களுக்கு வீடு தருவது அரசின் கடமை என்பதில் ஐயம் எழவில்லை. பின்னர் வந்தவர்களின் நிலை மாறுபடுவது இந்தப் புள்ளியில்தான்.

சட்டத்தில் 'அகதி' என்ற சொல்லே இல்லை

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலோ, 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் நாட்டில் கிடையாது. 2015இல் மக்களவை உறுப்பினர் சசி தரூர் கொண்டுவந்த புகலிட மசோதா, தனிநபர் மசோதாவாகவே நின்றுபோனது.

எனவே, யார் அகதி என்பதை நாடு வாரியாகவும் காலம் வாரியாகவும் பிறப்பிக்கப்படும் நிர்வாக உத்தரவுகளே முடிவு செய்கின்றன. திபெத்தியர்களையும் இலங்கைத் தமிழர்களையும் அரசு நேரடியாகக் கையாள்கிறது. ஆப்கானிஸ்தான், மியான்மர் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வருபவர்களை யுஎன்எச்சிஆர் எனப்படும் ஐ.நா. அகதிகள் முகமை பதிவு செய்து அடையாள அட்டை வழங்குகிறது. அந்த அட்டை ஒருவரது நிலையை விளக்க உதவலாம். ஆனால் ஆதாருக்கோ கடவுச்சீட்டுக்கோ அது மாற்றாகாது.

வீடு தேடும்போது இதன் விளைவு உடனே தெரிகிறது. நகரங்களில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத் தேவையைத் தவிர்ப்பதற்கான வழக்கம் இது. உள்ளூர்வாசிக்கு இது ஒரு நடைமுறை மட்டுமே. அகதிக்கோ ஒவ்வொரு 11 மாதமும் புதிய வாடகை, புதிய முன்பணம், புதிய சந்தேகம் என்று பொருள். ஆதார் கேட்கும் உரிமையாளரிடம் காட்ட அவரிடம் எதுவும் இல்லாதபோது எழுத்துபூர்வமான ஒப்பந்தமே இல்லாமல் போகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லையென்றால் விசா நீட்டிப்பு முதல் வங்கிக் கணக்கு வரை எதுவும் எளிதல்ல. காகிதம் இல்லாததால் வீடு கிடைப்பதில்லை, வீடு இல்லாததால் காகிதம் கிடைப்பதில்லை.

உரிமையாளர்களின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வாடகைதாரர் குறித்த விவரங்களைக் காவல்துறையிடம் அளிப்பதும் பல நகரங்களில் கட்டாயம். 2024 நவம்பரில் ஜம்முவில், காவல்துறைச் சரிபார்ப்பு இன்றி ரோஹிங்கியாக்களுக்கு இடம் வாடகைக்கு விட்டதாக உரிமையாளர்கள் மீது வழக்குகள் பதிவு செய்யப்பட்டன. அங்குள்ள குடியிருப்புகளின் குடிநீர், மின் இணைப்புகளைத் துண்டிப்பது அரசியல் சர்ச்சையாகவும் மாறியது. இத்தகைய செய்திகளுக்குப் பிறகு, எந்த உரிமையாளரும் வம்பை விலைக்கு வாங்க விரும்பமாட்டார். துணிந்து வீடு தருபவர், அந்த ஆபத்துக்கான விலையையும் வாடகையில் சேர்த்துவிடுகிறார்.

சொந்தமாக வாங்குவது இன்னும் கடினம். அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூடான் உள்ளிட்ட நாடுகளின் குடிமக்கள், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. நீண்டகால விசா பெற்ற பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினர், தாங்கள் குடியிருக்க ஒரு வீடும் சுயதொழிலுக்கு ஓர் இடமும் நிபந்தனைகளுடன் வாங்கிக்கொள்ள 2018இல் வழி செய்யப்பட்டது. தினக்கூலியில் வாழும் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை காகிதத்தில் மட்டுமே பயன் தருகிறது.

ஒரு நாளில் வந்து மறைந்த அடுக்குமாடி வீடுகள்

இந்தச் சிக்கலின் அரசியல் கூர்மையை 2022 ஆகஸ்ட் 17ஆம் தேதி நாடே பார்த்தது. ரோஹிங்கியா அகதிகள் டெல்லி பக்கர்வாலாவில் உள்ள பொருளாதாரத்தில் நலிவடைந்தோருக்கான அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்படுவார்கள், அவர்களுக்கு அடிப்படை வசதிகளும் காவல்துறைப் பாதுகாப்பும் அளிக்கப்படும் என்று மத்திய வீட்டுவசதித் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி சமூக ஊடகத்தில் அறிவித்தார். சில மணி நேரத்திலேயே மத்திய உள்துறை அமைச்சகம் அதை மறுத்தது. அப்படி எந்த உத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை என்றும், சட்டவிரோதமாகக் குடியேறிய அவர்கள் நாடு கடத்தப்படும்வரை தடுப்பு மையத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும் அது விளக்கியது.

ஒரே அரசின் இரு அமைச்சகங்கள் ஒரே நாளில் ஒரே மக்களை இரு வேறு கண்களால் பார்த்தன. ஒன்றுக்கு அவர்கள் வீடு தேவைப்படும் குடும்பங்கள். மற்றொன்றுக்கு அவர்கள் வெளியேற்றப்பட வேண்டிய வெளிநாட்டவர். இறுதியில் இரண்டாவது பார்வையே அரசின் நிலைப்பாடானது. அந்த மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அந்த இடம் எத்தகையது என்பதற்குத் தீவிபத்துகளே சாட்சி. 2018 ஏப்ரலில் காளிந்தி குஞ்ச் அருகே இருந்த ரோஹிங்கியா முகாம் ஒரே இரவில் எரிந்து சாம்பலானது. 200க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். உடைமைகளுடன் அவர்களது ஐ.நா. அட்டைகளும் ஆவணங்களும் தீக்கிரையாயின. 2021 ஜூனில் மதன்பூர் காதர் முகாமில் மீண்டும் தீப்பிடித்து 50க்கும் மேற்பட்ட குடிசைகள் அழிந்தன. அடுத்த மாதமே, உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறைக்குச் சொந்தமான நிலம் என்ற அடிப்படையில் அங்கிருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. மூங்கில், தார்ப்பாய், நெகிழித் தாள் ஆகியவற்றால் நெருக்கமாகக் கட்டப்பட்ட குடிசைகளில் ஒன்றில் விழும் பொறி எல்லாவற்றையும் எரிக்கும். நிலம் தங்களுடையது அல்ல என்பதால் செங்கல் சுவர் எழுப்ப அவர்களுக்கு அனுமதி இல்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்பதால், அதற்குப் பணம் செலவிடும் துணிவும் இல்லை.

குடியுரிமை கிடைத்தால் கூரை கிடைத்துவிடுமா?

சட்ட நிலை சரியானால் வீடு தானே வந்துவிடும் என்ற வாதத்துக்கு, மஜ்னு கா டில்லாவில் உள்ள பாகிஸ்தான் இந்துக்களின் அனுபவம் மறுப்பாக அமைகிறது. அரசின் ஆதரவு வெளிப்படையாக உள்ள பிரிவினர் அவர்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019இல் நிறைவேறி, அதன் விதிகள் 2024 மார்ச் 11ஆம் தேதி அறிவிக்கப்பட்டன. அதே மாதத் தொடக்கத்தில்தான், யமுனையின் வெள்ளச் சமவெளியில் உள்ள அவர்களது முகாமைக் காலி செய்யுமாறு டெல்லி வளர்ச்சி ஆணையம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு கையால் குடியுரிமைக்கு அழைப்பு, மறு கையால் வெளியேற்ற அறிவிப்பு.

முகாமில் வசிப்போர் சுமார் 800 பேர். வழக்கு டெல்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. முதலில் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கிய நீதிமன்றம், 2025 மே 30ஆம் தேதி மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆற்றின் வெள்ளச் சமவெளியைப் பாதுகாப்பது டெல்லி மக்கள் அனைவரின் உரிமையோடும் தொடர்புடையது என்றும், டெல்லியின் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கை இந்தியக் குடிமக்களுக்கே பொருந்தும் என்பதால் வெளிநாட்டவர் அதன்கீழ் மாற்றிடம் கோர முடியாது என்றும் தீர்ப்பு கூறியது. அதேவேளையில், மாற்று ஏற்பாட்டுக்காகத் தான் எடுத்த முயற்சிகள், துறைகள் ஒன்றின் மீது ஒன்று பொறுப்பைத் தட்டிக்கழித்ததால் பலனளிக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது.

வெள்ளச் சமவெளி குறித்த கவலை வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டர் என்ற வரலாறு காணாத அளவைத் தொட்டபோது, கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. அங்கே மக்கள் வாழ்வது ஆற்றுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. ஆனால், எங்கே வாழக்கூடாது என்று சொல்லும் அமைப்புகள் பல இருக்க, எங்கே வாழலாம் என்று சொல்ல ஓர் அமைப்பும் இல்லாததே பிரச்சினையின் வேர்.

குடியுரிமை பெற்றாலும் சிக்கல் முழுமையாகத் தீராது. டெல்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையின்படி, 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்த குடிசைப் பகுதிகளும், அவற்றில் 2015 ஜனவரி 1க்கு முன் அமைந்த குடிசைகளுமே தகுதி பெறும். 2011க்குப் பின்னர் அலை அலையாக வந்தவர்களின் முகாம்கள் இந்தக் கோட்டைத் தாண்டுவது கடினம். 2014 டிசம்பர் 31க்குப் பிறகு வந்தவர்களுக்குக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விரைவு வழியும் இல்லை. 2025 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ், 2024 டிசம்பர் 31 வரை வந்த சிறுபான்மையினருக்குத் தண்டனை நடவடிக்கைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கும் இதேபோன்ற விலக்கு உண்டு. இந்த விலக்குகள் அவர்களைச் சிறையிலிருந்து காக்கும். ஆனால் குடியிருக்க இடம் தராது.

நீதிமன்றங்கள் வகுத்துள்ள எல்லை

அரசியல் சாசனத்தின் 14, 21ஆவது பிரிவுகள் தரும் சமத்துவமும் உயிர் வாழும் உரிமையும் இந்த மண்ணில் உள்ள அனைவருக்கும் உரியவை. சக்மா மக்கள் தொடர்பான 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால், நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் உரிமை தரும் 19ஆவது பிரிவின் உட்கூறு குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று, ரோஹிங்கியாக்கள் வழக்கில் 2021 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உயிர் வாழ உரிமை உண்டு, ஓரிடத்தில் குடியிருக்க உரிமை இல்லை என்ற இந்த இடைவெளியில்தான் நகர்ப்புற அகதிகளின் அன்றாட வாழ்க்கை நகர்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு நுட்பமானது என்பதை, ரோஹிங்கியா குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை வழக்கு காட்டியது. 2025 ஜனவரியில் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்தக் குடும்பங்கள் எங்கே, எத்தகைய வீடுகளில் வசிக்கின்றன என்ற விவரங்களைத் தாக்கல் செய்யுமாறு உச்சநீதிமன்றம் கேட்டது. கல்வி உரிமைக்கான வழக்கும் முகவரியிலேயே வந்து நின்றது. அடுத்த மாதம், குழந்தைகள் சேர்க்கைக்காக அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றம் செல்லலாம் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பலனளித்த வழிகள்

நாட்டுக்குள்ளேயே வேறு வகையான முன்னுதாரணங்களும் உள்ளன. மஜ்னு கா டில்லா முகாமிலிருந்து சிறிது தூரத்தில், 1960களில் வேர்விட்ட திபெத்தியர் குடியிருப்பு இன்று உணவகங்களும் விடுதிகளும் நிறைந்த பரபரப்பான வணிகப் பகுதி. 2014இல் அறிவிக்கப்பட்ட திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை, அவர்களது குடியிருப்பு நிலங்களுக்கு மாநில அரசுகள் 20 ஆண்டுக் குத்தகை வழங்கவும், நலத்திட்டங்களை நீட்டிக்கவும் வழிகாட்டியது. குடியுரிமை கேள்விக்கு விடை காணாமலேயே குடியிருப்புக் கேள்விக்கு விடை காண முடியும் என்பதற்கு அது சான்று.

தமிழ்நாட்டின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. இலங்கைத் தமிழர்கள் சுமார் 58 ஆயிரம் பேர் முகாம்களிலும், 34 ஆயிரம் பேர் வெளியிலும் வசிக்கின்றனர். பத்துக்குப் பத்து அடி அறைகளில் பல தலைமுறைகள் கழிந்த பின்னர், 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் நலத்திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதன் முக்கியப் பகுதி. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. குடியுரிமை இன்னும் கைக்கு எட்டவில்லை என்றாலும், பிள்ளைகள் பள்ளி செல்வதற்கும் பட்டம் பெறுவதற்கும் ஒரு நிலையான கூரை அடிப்படையாக அமைந்தது.

எதிர்வாதங்களும் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. டெல்லியில் லட்சக்கணக்கான இந்தியக் குடிமக்களே குடிசைகளில் வாழும்போது, வெளிநாட்டவருக்கு வீடு ஒதுக்குவது நியாயமா என்ற கேள்வி பக்கர்வாலா சர்ச்சையின்போது உரக்க எழுந்தது. இந்தியா உலகெங்கிலும் உள்ளவர்களுக்கான தர்மசத்திரம் அல்ல என்று, இலங்கைத் தமிழர் ஒருவரது வழக்கில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே குறிப்பிட்டது. எல்லைப் பாதுகாப்பு, போலி ஆவணங்கள் குறித்த அச்சங்களும் உள்ளன.

ஆனால், பாதுகாப்பின் கோணத்திலிருந்து பார்த்தாலும் முகவரி உள்ள குடும்பமே அரசுக்குத் தெரிந்த குடும்பம். வாடகை ஒப்பந்தத்தைக் கண்டு அஞ்சி ஊர் ஊராக நகரும் குடும்பத்தைக் கண்காணிப்பதுதான் கடினம். தவிர, தேவைப்படுபவை அனைத்தும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. யுஎன்எச்சிஆர் அட்டையையும் நீண்டகால விசாவையும் வாடகை ஒப்பந்தத்துக்கான அடையாளமாக ஏற்கும் தெளிவான சுற்றறிக்கை, விதிப்படி தகவல் தந்த உரிமையாளருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு, நில உரிமையோடு தொடர்புபடுத்தாமல் குடிநீர், கழிப்பறை, தீத்தடுப்பு வசதிகளைத் தரும் மாநகராட்சி ஏற்பாடு, வெளியேற்றும் முன் மாற்றிடத்தை அடையாளம் காணும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட துறைக்கு ஆகியவை புதிய சட்டம் இன்றியே சாத்தியமானவை. 2011இல் மத்திய அரசு வகுத்த நடைமுறை, அகதி எனக் கோருபவர்களை ஆய்வு செய்து தகுதியுள்ளோருக்கு நீண்டகால விசா வழங்க ஏற்கெனவே வழிசெய்துள்ளது. அதைச் சீராகவும் பாகுபாடின்றியும் செயல்படுத்தினாலே பாதிச் சிக்கல் குறையும்.

ரோஹிங்கியாக்கள் அகதிகளா, சட்டவிரோதக் குடியேறிகளா என்ற அடிப்படைக் கேள்வியை உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 31ஆம் தேதி விசாரணைக்காக வரையறுத்தது. தடுப்பு மையங்களுக்கு வெளியே முகாம்களில் வாழ்பவர்களுக்குக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற அடிப்படை வசதிகள் கிடைக்கின்றனவா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. முதல் கேள்விக்கு விடை கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். இரண்டாவது கேள்வி, விடைக்காகக் காத்திருக்கும் காலத்தில் மக்கள் எங்கே, எப்படி வாழ்வது என்பதைப் பற்றியது. மழைக்காலத்தில் யமுனை நிரம்பும்போதும், கோடையில் தார்ப்பாய்க் குடிசைகளில் தீப்பொறி விழும்போதும், அந்த இரண்டாவது கேள்விதான் முதலில் பதிலைக் கேட்டு நிற்கும்.